ஸ்கேன் அறையின் மௌனச் சாட்சி: 'சைலண்ட் அப்சர்வர்' கருவி எவ்வாறு பொருத்தப்படுகிறது? எதைப் பதிவு செய்கிறது?

புதுடெல்லி: கருவுற்ற பெண்ணுக்கு ஸ்கேன் செய்யப்படும்போது திரையில் தோன்றும் படத்தை மருத்துவரும், சில வேளைகளில் அப்பெண்ணும் பார்க்கின்றனர். நாட்டின் சில மாவட்டங்களிலும் மாநிலங்களிலும் இவர்களுடன் மூன்றாவதாக ஒன்றும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஸ்கேன் இயந்திரத்தின் பின்புறத்தில், வீடியோ வெளியீட்டு முனையில் இணைக்கப்பட்டுள்ள கையடக்கப் பெட்டி அது. திரையில் தோன்றும் காட்சிகளைப் படங்களாகப் பிடித்து, நாளும் நேரமும் குறித்துத் தனக்குள் சேமித்து வைக்கிறது. மகாராஷ்டிரத்தில் 'சைலண்ட் அப்சர்வர்' என்றும், ராஜஸ்தானில் 'ஆக்டிவ் டிராக்கர்' என்றும் இது அழைக்கப்படுகிறது.

கருவின் பாலினத்தைக் கண்டறிந்து தெரிவிப்பதைத் தடுப்பதே இதன் நோக்கம். ஆனால், அந்தப் பெட்டிக்குள் நடப்பது என்ன, அதைப் பொருத்துவதில் நேரும் ஒரு சிறு தவறு நீதிமன்றத்தில் எத்தகைய விளைவை ஏற்படுத்தும், நோயாளியின் அந்தரங்கம் எந்த அளவுக்குக் காக்கப்படுகிறது என்பன குறித்துப் பொதுவெளியில் அதிகம் பேசப்படுவதில்லை.

கோலாப்பூரில் தொடங்கியது

இந்தியாவில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 1,000 ஆண்களுக்கு 1961-ஆம் ஆண்டில் 976 பெண்கள் இருந்தனர். இந்த எண்ணிக்கை 1991-இல் 945 ஆகவும், 2001-இல் 927 ஆகவும், 2011-இல் 918 ஆகவும் குறைந்தது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடை செய்யும் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு, 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2003-இல் அது திருத்தப்பட்டு, கருத்தரிப்புக்கு முந்தைய பாலினத் தேர்வும் தடைக்குள் கொண்டுவரப்பட்டது. 'பிசிபிஎன்டிடி சட்டம்' என இன்று சுருக்கமாகக் குறிப்பிடப்படுவது இதுவே. சொல்லாலோ, சைகையாலோ, வேறு எவ்வகையிலோ கருவின் பாலினத்தைத் தெரிவிப்பது குற்றமாகும். முதல் முறை குற்றம் நிரூபிக்கப்படும் மருத்துவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் ரூ.10,000 வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

இச்சட்டத்தின் முதுகெலும்பு என்று 'படிவம் எஃப்' எனும் ஆவணத்தைக் கூறலாம். கருவுற்ற பெண்ணுக்கு ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு முறையும் அவருடைய விவரங்கள், பரிந்துரைத்தவர், ஸ்கேன் செய்வதற்கான காரணம் ஆகியவற்றை இதில் பதிவு செய்ய வேண்டும். கருவின் பாலினத்தை அறிய விரும்பவில்லை என்று பெண்ணும், அதைக் கண்டறியவோ தெரிவிக்கவோ இல்லை என்று மருத்துவரும் உறுதியளித்துக் கையொப்பமிட வேண்டும். மாதந்தோறும் இவற்றின் அறிக்கை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் உரிய அதிகாரிக்குச் செல்ல வேண்டும்.

படிவத்தில் எழுதப்பட்டிருப்பதும் ஸ்கேன் அறையில் உண்மையில் நடந்ததும் ஒன்றா என்பதைச் சரிபார்க்க வழியில்லாமல் இருந்தது. பத்து ஸ்கேன் செய்துவிட்டு எட்டுப் படிவம் நிரப்பினால், விடுபட்ட இரண்டைப் பற்றி அதிகாரிகள் அறிந்துகொள்ள எந்த வாய்ப்பும் இல்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குழந்தைப் பாலின விகிதம் 839 ஆகச் சரிந்திருந்த மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில், அப்போதைய ஆட்சியர் லட்சுமிகாந்த் தேஷ்முக் காலத்தில் இதற்கு ஒரு தொழில்நுட்ப விடை தேடப்பட்டது. படிவம் எஃப்-ஐ இணையவழியில் சமர்ப்பிப்பதும், ஸ்கேன் இயந்திரங்களில் சைலண்ட் அப்சர்வர் பொருத்துவதும் அங்கு கட்டாயமாக்கப்பட்டன. மத்தியச் சட்டத்திலோ அதன் விதிகளிலோ இக்கருவியைக் கட்டாயமாக்கும் பிரிவு எதுவும் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. மாவட்ட, மாநில நிர்வாகங்களின் உத்தரவுகளே இதற்கு அடிப்படை.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

தொழில்நுட்ப நோக்கில் இது ஒரு வீடியோ பிடிப்புக் கருவி. கணினி விளையாட்டுகளைப் பதிவு செய்வோரும், இணையவழி வகுப்பு நடத்துவோரும் பயன்படுத்தும் 'கேப்சர் கார்டு' இதன் நெருங்கிய உறவு. மூன்று பணிகள் உள்ளே நடைபெறுகின்றன. இயந்திரத்திலிருந்து வரும் வீடியோ சமிக்ஞையைப் பெறுதல், அதை எண்முறைப் படமாக மாற்றுதல், நேரம் குறித்துச் சேமித்தல்.

ஸ்கேன் இயந்திரத்தின் மென்பொருளுக்குள் இக்கருவி நுழைவதில்லை. இது முக்கியமான வடிவமைப்பு முடிவாகும். சந்தையில் உள்ள இயந்திரங்கள் பல நிறுவனங்களின் தயாரிப்புகள். சில புத்தம் புதியவை, சில பதினைந்து ஆண்டுகள் பழையவை. ஒவ்வொன்றின் மென்பொருளும் வேறு. ஆனால் பிரிண்டர், வீடியோ ரெக்கார்டர், கூடுதல் திரை ஆகியவற்றை இணைப்பதற்காக ஏறத்தாழ எல்லா இயந்திரங்களிலும் வீடியோ வெளியீட்டு முனை உள்ளது. மருத்துவர் காணும் காட்சி அப்படியே அந்த முனையில் வெளிவருகிறது. எந்த நிறுவனத்தின் இயந்திரமானாலும் ஒரே பெட்டி போதும் என்ற நிலை இதனால் உருவாகிறது.

முதல் வேலை: சரியான முனையைக் கண்டறிதல்

பொருத்த வரும் தொழில்நுட்பப் பணியாளர் முதலில் இயந்திரத்தின் பின்புறத்தைப் பார்க்கிறார். பழைய இயந்திரங்களில் 'காம்போசிட்' எனப்படும் ஒற்றைக் கம்பி வெளியீடு, பிஎன்சி எனும் வட்ட வடிவ இணைப்பானுடன் இருக்கும். சிலவற்றில் எஸ்-வீடியோ, பின்வந்தவற்றில் விஜிஏ, அண்மைக் காலத்தவற்றில் டிவிஐ அல்லது எச்டிஎம்ஐ இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் எண்முறை வெளியீட்டைத் தேர்வு செய்வதே நல்லது. காம்போசிட் முறையில் ஒளியும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து செல்வதால் படம் சற்று மங்கும். திரையில் உள்ள சிறிய எழுத்துகளைப் படிப்பது கடினமாகும். நோயாளியின் அடையாள எண்ணும் நேரமும் அந்தச் சிறிய எழுத்துகளில்தான் உள்ளன.

காம்போசிட் இணைப்பில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. இத்தகைய கம்பியின் கடைசி முனையில் 75 ஓம் மின்தடை ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். ஏற்கெனவே பிரிண்டர் இணைக்கப்பட்டுள்ள கம்பியை 'டி' வடிவ இணைப்பானால் பிரித்துப் புதிய பெட்டியையும் சேர்த்தால், இரண்டு கருவிகளும் தத்தம் மின்தடையைச் சேர்த்துவிடக்கூடும். அப்போது பிரிண்டரில் அச்சாகும் படமும் இருண்டுவிடும். எங்கும் மின்தடை இல்லையென்றால் படம் அளவுக்கு மீறி வெளுத்துக் காணப்படும். பெட்டி பொருத்தியதிலிருந்து பிரிண்ட் சரியாக வரவில்லை என்று மருத்துவர் புகார் கூறினால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சமிக்ஞையைப் பெருக்கிப் பிரித்துத் தரும் மின்னணுப் பிரிப்பானைப் பயன்படுத்தினால் இச்சிக்கல் எழாது.

எச்டிஎம்ஐ, டிவிஐ இணைப்புகளில் வேறு வகைச் சிக்கல் காத்திருக்கிறது. இணைக்கப்படும் ஒவ்வொரு திரையும் தன்னால் எந்த அளவுப் படத்தைக் காட்ட முடியும் என்பதை இயந்திரத்துக்குத் தெரிவிக்கிறது. 'இடிஐடி' எனப்படும் சிறு தகவல் தொகுப்பு இது. பிடிப்புக் கருவி தன் தகவலை முந்திக்கொண்டு தந்துவிட்டால், இயந்திரம் அதற்கேற்பப் படத்தின் அளவை மாற்றிவிடலாம். கூடுதல் திரையில் படம் சுருங்கலாம், அல்லது தோன்றாமலே போகலாம். எனவே, உண்மையான திரையின் தகவலை மட்டும் இயந்திரத்துக்குக் கடத்தும் வகையில் பிரிப்பானை அமைக்க வேண்டும். ஸ்கேன் செய்துகொண்டிருக்கும்போது மருத்துவரின் திரை இருண்டால், அந்தக் கருவி எவ்வளவு உயர்ந்த நோக்கத்துக்காக வைக்கப்பட்டிருந்தாலும் அடுத்த நாளே அதன் கம்பி கழற்றப்பட்டுவிடும்.

மின் பாதுகாப்பு

ஸ்கேன் இயந்திரம் நோயாளியின் உடலைத் தொடும் கருவி. அதன் மின்கசிவு எவ்வளவு இருக்கலாம் என்பதை ஐஇசி 60601-1 எனும் பன்னாட்டுத் தரநிலை வரையறுக்கிறது. தொடக்கூடிய பகுதிகளில் இயல்பு நிலையில் 100 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் கசிவு கூடாது. இத்தகைய இயந்திரத்துடன், சாதாரண அடாப்டரில் இயங்கும் ஒரு பெட்டியை உலோகக் கம்பியால் இணைக்கும்போது, அந்தப் பெட்டியின் கசிவும் இயந்திரத்தைச் சென்றடைகிறது. வேறு பிளக்கிலிருந்து மின்சாரம் எடுத்தால் இரு கருவிகளின் 'எர்த்' இணைப்புகளுக்கு இடையே மின்னோட்டம் சுழலவும் கூடும்.

இதன் அடையாளம் படத்திலேயே தெரியும். கிடைமட்டமான மங்கிய பட்டைகள் திரையில் மெல்ல மேலேறும் அல்லது கீழிறங்கும். இது 50 ஹெர்ட்ஸ் மின்வழங்கலின் நிழல். மருத்துவக் கருவிகளுக்கான தனிமைப்படுத்தும் மின்மாற்றி வழியாகப் பெட்டிக்கு மின்சாரம் தருவது, வீடியோ கம்பியின் நடுவில் மின் தொடர்பைத் துண்டித்துச் சமிக்ஞையை மட்டும் கடத்தும் தனிமைப்படுத்தியை வைப்பது ஆகியவையே முறையான தீர்வு. எர்த் கம்பியை வெட்டிவிடுவது பட்டைகளை மறையச் செய்யும். ஆபத்தை மறையச் செய்யாது. பணிகளை ஒப்பந்தத்துக்கு விடும் நிர்வாகங்கள் கருவியின் விலையைக் கேட்கும் அளவுக்கு இந்தச் சோதனையைப் பற்றியும் கேட்க வேண்டியது அவசியம்.

அமைப்புகளைச் சரிசெய்தல்

கம்பிகள் இணைந்த பின்னர் அமைப்புப் பணி தொடங்குகிறது. இத்தகைய பிடிப்பான்கள் பலவும் கணினிக்கு ஒரு வெப்கேமரா போலவே தோற்றமளிக்கும். ஆகவே படத்தைக் காண்பது எளிது. சரியான படத்தைக் காண்பதுதான் வேலை.

காம்போசிட், எஸ்-வீடியோ வெளியீடுகளில் இந்தியாவில் வழக்கமான 'பால்' முறை வினாடிக்கு 25 படங்களை, ஒவ்வொன்றிலும் 625 வரிகளுடன் அனுப்புகிறது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தென்கொரியாவிலும் வழங்கிய 'என்டிஎஸ்சி' முறையில் 525 வரிகள், வினாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். இறக்குமதியான இயந்திரம் என்டிஎஸ்சி முறையில் விடப்பட்டிருந்து, பெட்டி பால் முறையை எதிர்பார்த்தால், படம் உருளும் அல்லது நிறமிழந்து கறுப்பு வெள்ளையாகப் பதிவாகும். ஸ்கேன் படம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் இருக்கும் என்பதால், இந்தத் தவறு கண்ணில் படாமலே நீண்ட நாட்கள் போய்விடக்கூடும். குருதி ஓட்டத்தைச் சிவப்பிலும் நீலத்திலும் காட்டும் டாப்ளர் பரிசோதனையை ஒருமுறை இயக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்தது, எவ்வளவு பதிவு செய்வது என்ற கேள்வி. சுருக்கப்படாத பால் முறைப் படம் ஒன்று 720 புள்ளி அகலமும் 576 புள்ளி உயரமும் கொண்டது. ஒரு புள்ளிக்கு 2 பைட் எனக் கணக்கிட்டால் ஒரு படம் சுமார் 8.3 லட்சம் பைட். வினாடிக்கு 25 படங்கள் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 75 ஜிபி. இது நடைமுறைக்கு ஒவ்வாது. எச்.264 முறையில் வினாடிக்கு 2 மெகாபிட் அளவில் சுருக்கினால் மணிக்கு சுமார் 900 எம்பி ஆகும். தொடர் வீடியோவுக்குப் பதிலாக இரண்டு வினாடிக்கு ஒரு படம் எனப் பிடித்து, ஒவ்வொன்றையும் 60 கேபி அளவுள்ள ஜேபெக் கோப்பாகச் சேமித்தால் மணிக்கு 108 எம்பி மட்டுமே தேவை.

சட்டப்படி ஸ்கேன் மையங்கள் தம் ஆவணங்களை 2 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நாளொன்றுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாட்கள் இயங்கும் மையத்துக்கு, படங்களாகச் சேமித்தால் 2 ஆண்டுகளுக்கு 390 ஜிபி அளவு இடம் வேண்டும். வீடியோவாகச் சேமித்தால் 3 டிபி-க்கு மேல் தேவைப்படும். சிறிய பெட்டிகள் ஏன் வீடியோவை விட்டு ஒற்றைப் படங்களைத் தேர்ந்தெடுக்கின்றன என்பதற்கு இந்தக் கணக்கே விடை. சேமிப்பகம் நிறைந்ததும் பழைய படங்களின் மேல் புதியவை எழுதப்படும்படி விட்டுவிட்டால், வழக்குக்குத் தேவையான நாளின் பதிவு சத்தமின்றி அழிந்துபோகும். நிறைவதற்கு முன்பே எச்சரிக்கை எழும்படி அமைப்பது அதனால்தான்.

இரண்டு வினாடிக்கு ஒருமுறை என்ற இடைவெளியிலும் ஒரு ஓட்டை உண்டு. மருத்துவர் ஒரு காட்சியை நிறுத்தி அளவெடுக்கும் தருணமே பரிசோதனையின் முக்கியத் தருணம். 'ஃப்ரீஸ்' பொத்தானை அழுத்தியவுடன் திரை அசையாமல் நிற்கும். அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, அசைவு நின்றதைக் கண்டறிந்து, அந்தப் படத்தைத் தவறாமல் பிடிக்குமாறு கருவியை அமைக்கலாம். ஆனால் திரையின் மூலையில் வினாடி காட்டும் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தால், படம் வினாடிக்கு ஒருமுறை மாறுகிறது என்று கருவி எண்ணிக்கொள்ளும். ஒப்பீட்டில் அந்த மூலையை மட்டும் விலக்கிவிட வேண்டும். ஒவ்வொரு இயந்திரத்திலும் கடிகாரம் வெவ்வேறு இடத்தில் இருப்பதால், இதை அலுவலகத்தில் அமர்ந்து ஒரே முறையில் செய்துவிட முடியாது. ஒவ்வொரு ஸ்கேன் அறையிலும் நின்றுதான் செய்ய வேண்டும்.

கடிகாரமே முதன்மைச் சாட்சி

படிவம் எஃப்-இல் உள்ள ஸ்கேனையும் பெட்டிக்குள் உள்ள படத்தையும் இணைக்கும் பாலம் நேரம் ஒன்றுதான். காலை 10.30 மணிக்கு ஸ்கேன் செய்ததாகப் படிவம் கூறினால், 10.30 மணிக்குப் படங்கள் இருக்க வேண்டும். படங்கள் இருந்து படிவம் இல்லையென்றால் விசாரணை. படிவம் இருந்து படங்கள் இல்லையென்றாலும் விசாரணை.

இத்தகைய கருவிகளில் உள்ள சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம், பத்து லட்சத்துக்கு 20 பங்கு என்ற அளவில் பிழைபட்டாலும் நாளொன்றுக்கு சுமார் 1.7 வினாடி விலகும். ஆண்டு முடிவில் இது 10 நிமிடத்தைத் தாண்டும். அடுத்தடுத்து நோயாளிகள் வரும் மையத்தில் 10 நிமிட விலகல் என்பது ஒரு பெண்ணின் படங்களை இன்னொரு பெண்ணின் படிவத்துடன் பொருத்திவிடப் போதுமானது. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை இயக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோனால், அடுத்த முறை மின்சாரம் வரும்போது கருவி பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியிலிருந்து எண்ணத் தொடங்கும். பன்னாட்டு நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள ஐந்தரை மணி வேறுபாடு அமைக்கப்படாமல் விடப்பட்டால், காலை 10.30 மணி ஸ்கேன் அதிகாலை 5 மணிக்கு நடந்ததாகப் பதிவாகும். மையம் திறந்திராத நேரத்தில் இரகசியமாக ஸ்கேன் நடந்தது என்ற தோற்றத்தை அது அளிக்கும்.

குற்றமற்ற மருத்துவர் ஒருவர் நீதிமன்றப் படியேறவும், குற்றம் புரிந்தவர் கடிகாரப் பிழையைக் காட்டித் தப்பவும் ஒரு சிறு பேட்டரி காரணமாகிவிடலாம். இணைய வசதி உள்ள இடங்களில், இந்திய நேரத்தைப் பராமரிக்கும் டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்துடன் கடிகாரத்தைத் தானாகவே ஒத்திசைக்கலாம். இணையம் இல்லாத இடங்களில், ஒவ்வொரு ஆய்வின்போதும் கருவியின் நேரத்தையும் ஸ்கேன் இயந்திரத்தின் நேரத்தையும் உண்மை நேரத்தையும் பதிவேட்டில் அருகருகே குறித்துக்கொள்வதே எளிய வழி. விலகல் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் அதைக் கழித்துக்கொள்ளலாம். தெரியாத விலகல்தான் சாட்சியத்தைக் குலைக்கிறது.

முத்திரையும் சான்றிதழும்

பொருத்தி முடித்ததும் இணைப்பான்கள் மீது பிரித்தால் கிழியும் முத்திரை ஒட்டப்படுகிறது. கம்பி கழற்றப்பட்டாலோ மின்சாரம் துண்டிக்கப்பட்டாலோ அந்த நேரத்தைக் கருவி தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். சமிக்ஞை இல்லாத நேரமும் ஒரு செய்தியே. எனினும் மின்வெட்டு அடிக்கடி நேரும் ஊர்களில் இந்தக் குறிப்பேடு நீண்டு, உண்மையான துண்டிப்பை அதிலிருந்து பிரித்தறிவது கடினமாகிவிடும். கருவிக்கும் ஸ்கேன் இயந்திரத்துக்கும் ஒரே யுபிஎஸ் வழியாக மின்சாரம் தந்தால் இந்தக் குழப்பம் பெருமளவு குறையும்.

படங்கள் நீதிமன்றத்துக்குச் செல்லும்போது வேறொரு கேள்வி எழுகிறது. இது அன்று பதிவான அதே படம்தானா? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்னணு ஆவணத்துடன் சான்றிதழ் ஒன்றும் தாக்கல் செய்யப்பட வேண்டும். அதில் ஆவணத்தின் 'ஹாஷ்' மதிப்பும், அதைக் கணக்கிட்ட முறையும் குறிப்பிடப்பட வேண்டும். கோப்பில் உள்ள எல்லாத் தரவுகளையும் கணக்கிட்டுப் பெறப்படும் நீண்ட எண்ணே ஹாஷ். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் இந்த எண் முற்றிலும் மாறிவிடும். படம் பிடிக்கப்பட்ட அந்த வினாடியிலேயே கருவி இதைக் கணக்கிட்டு வைத்தால், பின்னர் எவரும் மாற்றவில்லை என்று காட்ட முடியும். பல மாதங்கள் கழித்து, கைப்பற்றிய பிறகு கணக்கிட்டால், கைப்பற்றிய பின் மாற்றம் நிகழவில்லை என்பதை மட்டுமே அது காட்டும். அதற்கு முந்தைய காலத்துக்கு அது உத்தரவாதம் தராது.

அந்தரங்கம் பற்றிய வழக்கு

ஸ்கேன் படம் ஒரு பெண்ணின் உடல் குறித்த மிக அந்தரங்கமான தகவல். அது அரசின் பார்வைக்குச் செல்வது சரியா? கோலாப்பூர் நிர்வாகத்தின் உத்தரவை எதிர்த்துக் கதிரியக்க மருத்துவர்களின் சங்கம் மும்பை உயர் நீதிமன்றத்தை அணுகியது. நோயாளியின் அந்தரங்க உரிமை மீறப்படுகிறது என்பது அதன் முக்கிய வாதங்களில் ஒன்று.

2011 ஆகஸ்ட் 26 அன்று உயர் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. சைலண்ட் அப்சர்வரில் சேமிக்கப்படும் படங்கள் இணையவழியாக எந்தச் சேவையகத்துக்கும் அனுப்பப்படுவதில்லை, இயந்திரத்துடனேயே தங்கிவிடுகின்றன, அதிகாரிகள் கோரும்போது மட்டுமே திறந்து பார்க்கப்படுகின்றன என்பதை நீதிமன்றம் கருத்தில் கொண்டது. பெண் குழந்தைகளின் விகிதம் சரிந்துவரும் சூழலில், அந்தரங்க உரிமையை அதற்கு எதிரே வைத்து எடைபோட வேண்டியுள்ளது என்பதே தீர்ப்பின் போக்கு.

இத்தீர்ப்பு வந்தபோது அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பு வந்திருக்கவில்லை. அது 2017-இல் வந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. ஆகவே, கருவியை அமைப்பவர்களின் பொறுப்பு இப்போது கூடியுள்ளது என்றே கொள்ள வேண்டும். படங்களை மறையாக்கம் செய்து சேமிப்பது, திறக்கும் ஒவ்வொரு முறையும் யார் திறந்தார் என்பதைப் பதிவது, பழுதுநீக்க வரும் தனியார் பணியாளர் படங்களைப் பார்க்க முடியாதபடி கடவுச்சொல்லைப் பிரித்துவைப்பது ஆகியவை இன்று கூடுதல் வசதிகள் அல்ல. தொழிற்சாலை தந்த கடவுச்சொல்லையே மாவட்டம் முழுவதும் மாற்றாமல் விட்டுவைப்பது, பூட்டு வாங்கிச் சாவியை அதிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

மேலும், ஸ்கேன் இயந்திரம் கருவுற்ற பெண்களுக்கு மட்டும் பயன்படுவதில்லை. சிறுநீரகக் கல்லுக்காக வந்த ஆணின் படமும், தைராய்டு பரிசோதனைக்கு வந்த முதியவரின் படமும் அதே பெட்டிக்குள் சேர்கின்றன. அவர்களுக்கு இச்சட்டத்துடன் எந்தத் தொடர்பும் இல்லை. மகப்பேறு பரிசோதனையைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் பதிவு தொடங்குமாறு அமைத்தால், வேறு பரிசோதனை என்று கூறி ஏமாற்ற வழி பிறக்கும். எல்லாவற்றையும் பதிவு செய்தால் தொடர்பற்றோரின் அந்தரங்கம் பாதிக்கப்படும். இதற்குத் தொழில்நுட்பத்தில் முழுமையான விடை இல்லை.

கருவியால் இயலாதவை

பெட்டி படத்தைப் பார்க்கிறது, பேச்சைக் கேட்பதில்லை. கருவின் உடலுறுப்புகளில் குறைபாடு உள்ளதா என்று முறையாகப் பரிசோதிக்கும் மருத்துவரின் திரையில் உடலின் எல்லாப் பகுதிகளும் தோன்றத்தான் செய்யும். ஆகவே ஒரு குறிப்பிட்ட படம் பதிவாகியிருப்பது குற்றத்துக்குச் சான்றாகாது. குற்றம் நிகழ்வது திரையில் அன்று. ஒரு சொல்லிலோ புன்னகையிலோ கையசைவிலோ நிகழ்கிறது. அதைப் பிடிக்க எந்த வீடியோ கம்பியாலும் இயலாது. படிவத்தில் காட்டாமல் செய்யப்பட்ட ஸ்கேன்களின் எண்ணிக்கையைக் காட்டிக்கொடுப்பதே இக்கருவியின் உண்மையான வலிமை. அதற்கு மேல் எதிர்பார்ப்பது அதன் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றுவதாகும்.

பதிவு செய்யப்படாத இயந்திரத்தில் பெட்டியும் இருக்காது. கைப்பேசியுடன் இணைத்தாலே இயங்கும் சிறு ஸ்கேன் கருவிகள் வந்துவிட்ட காலத்தில் இந்த இடைவெளி விரிந்துள்ளது. கையில் எடுத்துச் செல்லக்கூடிய இயந்திரங்களின் பயன்பாட்டை 2012-இல் திருத்தப்பட்ட விதிகள் கட்டுப்படுத்துகின்றன. ஆனால், விதியை மீறத் துணிந்தவர் தம் கருவியைப் பதிவு செய்யப் போவதில்லை.

மருத்துவர்களின் மனக்குறையும் கவனிக்கத்தக்கது. படிவத்தில் நேரும் சிறு எழுத்துப் பிழைகளுக்கும் குற்ற வழக்கு தொடுக்கப்படுவதாக அவர்கள் நெடுங்காலமாகக் கூறி வருகின்றனர். இந்திய மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவச் சங்கங்களின் கூட்டமைப்பு தொடர்ந்த வழக்கில் 2019 மே 3 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், படிவத்தை முறையாக நிரப்பாததை வெறும் எழுத்தர் பிழையாகக் கொள்ள முடியாது என்று கூறி அச்சட்டப் பிரிவுகளை உறுதி செய்தது. அதே நேரத்தில், நேர்மையாகச் செயல்படும் மருத்துவருக்கு இந்தப் பெட்டி பாதுகாப்பாகவும் அமையலாம். பொய்ப் புகார் எழும்போது, அன்று என்ன பரிசோதனை, எவ்வளவு நேரம் நடந்தது என்பதைக் காட்டும் பதிவு அவரிடமே இருக்கும். கடிகாரம் சரியாக இருந்தால்.

இக்கருவியால் பெண் குழந்தைகளின் எண்ணிக்கை உயர்ந்ததா என்பதற்கு நேரடியான பதில் கூற இயலாது. கோலாப்பூரில் 2011 கணக்கெடுப்பில் விகிதம் சற்றே உயர்ந்தது உண்மை. ஆனால், அந்தக் கணக்கில் அடங்கிய 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் கருவி வருவதற்கு முன்பே பிறந்தவர்கள். நாடு முழுவதற்கும் மாதிரிப் பதிவு முறை அளித்த பிறப்புப் பாலின விகிதம் 2016-18 காலத்தில் 1,000 ஆண்களுக்கு 899 பெண்கள் என்றிருந்து, 2018-20 காலத்தில் 907 ஆனது. படிப்பு, திருமண வயது, சட்ட நடவடிக்கை, விழிப்புணர்வுத் திட்டங்கள் எனப் பல காரணிகள் இதில் கலந்துள்ளன.

கருவி பொருத்தப்பட்ட மையங்களிலும் அதைத் திறந்து பார்ப்பதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் தேவை. ஒரு மையத்தில் ஒரு நாளில் மட்டும் சேரும் படங்கள் 10,000-ஐத் தாண்டும். அவற்றைப் படிவங்களுடன் ஒப்பிட, மாவட்ட அலுவலகத்தில் கதிரியக்கத் துறை அறிந்தவர் ஒருவர் பல மணி நேரம் அமர வேண்டும். எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடும் மென்பொருள், அதாவது அன்று எத்தனை முறை ஸ்கேன் தொடங்கி முடிந்தது, எத்தனை படிவங்கள் வந்தன என்று பார்ப்பது, இந்தச் சுமையைக் குறைக்கும். இரு எண்களும் ஒத்துப்போகாத நாட்களின் படங்களை மட்டும் பின்னர் திறந்தால் போதும். மற்ற நாட்களில் வந்த நோயாளிகளின் படங்கள் எவர் கண்ணிலும் படாமல், இரண்டு ஆண்டுகள் முடிந்ததும் அழிக்கப்பட்டுவிடும்.